பதினோராம் பக்கத்து டீ கிளாஸ்

என் முருகேசா,

'அன்புள்ள' என்று தொடங்கியிருந்தால் நீ சிவப்புப் பேனாவால் அடித்திருப்பாய். "அன்பு இருந்தா அடுத்த வரியில தெரிஞ்சுடும்க்கா, இங்க எதுக்கு?" என்று ஓரத்தில் எழுதியிருப்பாய். அதனால் பெயரோடு நிறுத்திக்கொண்டேன். இதை நம் தீவுத் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரில் போடக் கேட்டிருக்கிறார்கள். நம்மைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. கடல் சரியில்லாத வாரம் அது. தீவுகளின் தெற்குக் கோடியில், உன் கேம்பல் பே ஊரிலிருந்து ஹெலிகாப்டரும் எழும்ப முடியாத மழை. நெஞ்சு வலி என்று காலையில் உட்கார்ந்தவன் மத்தியானம் இல்லை என்று உன் மனைவி சந்தியா போனில் சொன்னாள். கப்பல் ஓடினாலும் நான் வந்து சேர மூன்று நாள் ஆகும். இங்கே என் கராச்சர்மா வீட்டில் கையில் போனை வைத்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

நாம் பழகிய கதையே ஒரு கூத்து. ஆபீசில் ஃபைல் தள்ளுகிற நான் ஒரு நாவல் எழுதி முடித்துவிட்டு, படித்துச் சொல்ல ஆள் கிடைக்காமல் அலைந்தேன். கடலுக்கு அந்தப் பக்கம், மெயின்லேண்டில் இருந்த ஒரு குழுவுக்குப் போனில் அனுப்பினேன். "உங்க தமிழர்கள் ஏன் ஹிந்தி பேசறாங்க? மாத்திடுங்க" என்று ஒருவர் எழுதினார். இன்னொருவர் 'நல்லா இருக்கு' என்று எழுதிக் கும்பிடு போட்டார். வெறுத்துப்போய் சங்கத்து நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினேன்: நாவல் எழுதியிருக்கிறேன், படித்துக் கருத்துச் சொல்ல ஆள் தேவை, பதிலுக்கு நீங்கள் எழுதியதை நான் படிப்பேன். 'ஆள் தேவை' என்றதைப் பார்த்து ஒருவர் சம்பளம் எவ்வளவு என்று கேட்டார். ஓர் அம்மா தன் மகளுக்குத் தமிழ் டியூஷன் வேண்டும் என்றார். மூன்றாவதாகக் கூப்பிட்டவன் நீ.

"அக்கா, நான் கேம்பல் பேல கப்பல் டிக்கெட் கவுண்டர்ல இருக்கேன். டிரெய்னிங்குக்கு வந்தேன், நாளைக்குக் கப்பல். நானும் ஒண்ணு எழுதிட்டிருக்கேன். உங்களோடது எத்தனை பக்கம்?"

முன்னூறு என்றேன். "கப்பல்ல மூணு நாள் வேற என்ன வேலை, குடுங்க" என்று வாங்கிப் போனாய். நம் ஒப்பந்தத்தையும் நீதான் போட்டாய். 'நல்லா இருக்கு' என்ற வார்த்தையை இரண்டு பேரும் எழுதக் கூடாது. பிடிக்காததை ஓரத்தில் சொல்ல வேண்டும். அப்புறம் அந்த டீ கிளாஸ். "எந்த இடத்துல புஸ்தகத்தை மூடி வச்சிட்டு டீ குடிக்க எந்திரிச்சீங்களோ, அந்த வரிக்குப் பக்கத்துல ஒரு கிளாஸ் வரைங்க. வாய் பொய் சொல்லும், கிளாஸ் சொல்லாது" என்றாய். என் முதல் நாவல் பத்தொன்பது கிளாஸோடு திரும்பி வந்தது. டீக்கடையே வைத்துவிட்டாயே பாவி என்று போனில் கத்தினேன். நீ சிரித்த சிரிப்பில் லைன் கட்டாகிவிட்டது.

ஆறு வருஷம் இப்படிப் போனது. என் கட்டு ஒரு கப்பலில் போகும், உன் கட்டு அடுத்த கப்பலில் வரும். அரிசிச் சாக்கை வெட்டிச் சுற்றி, தெரிந்தவர் யாராவது ஒருவர் கையில் கொடுத்தனுப்புவாய். எல்லாம் சிறுகதைகள். பிறகு போன வருஷம் உன் நாவல் வந்தது. நீ கையால் எழுதுகிறவன். எழுதியது உன்னிடம், ஜெராக்ஸ் என்னிடம். அதே வாரம் என் இரண்டாவது நாவலை உனக்கு அனுப்பினேன்.

இனிமேல்தான் எனக்குக் கஷ்டம். உன்னிடம் சொல்லாததை ஊருக்கு முன்னால் சொல்கிறேன்.

உன் நாவலைப் பிரித்துப் பதினோரு பக்கம் படித்தேன். எனக்கு வயிறு எரிந்தது. ஆமாம் தம்பி, பொறாமை. நான் இருபது வருஷமாக முக்கி முக்கி எழுதியும் வராத ஒன்று உனக்குப் பதினோரு பக்கத்தில் வந்துவிட்டிருந்தது. அழகு ஒன்றும் காட்டாமல், கவுண்டரில் உட்கார்ந்து ஆளைப் பார்க்கிறவன் மாதிரி எழுதியிருந்தாய். மூடி அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். நாளை படிக்கலாம் என்று நினைத்தேன். எத்தனை நாளை!

நீ அவசரப்படுத்தவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒருநாள் பேச்சோடு பேச்சாகக் கேட்டாய்.

"படிச்சீங்களாக்கா?"

"படிச்சிட்டேன்ப்பா. நடுவுல கொஞ்சம் இழுக்குது."

"எந்த இடம்க்கா?"

"அந்தக் கப்பல் வர்ற இடம்."

கேம்பல் பேக்காரன் எழுதிய நாவலில் கப்பல் வராமலா இருக்கும்? குருட்டாம்போக்கில் அடித்தேன். "சரிக்கா, பாக்கறேன்" என்றாய். குரலில் எந்த வருத்தமும் இல்லை. அதுதான் என்னைக் கொல்கிறது.

அதற்குப் பிறகு உன் போனை எடுக்கவே பயம். இரண்டு முறை அடித்தாய், நான் எடுக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் என் நாவல் உன் திருத்தங்களோடு வந்தது. ஏழே கிளாஸ். நூற்று நாற்பதாம் பக்கத்தில், மகள் பஸ்ஸை விட்டு இறங்கி அம்மா வீட்டுக் கதவில் பூட்டு தொங்குவதைப் பார்க்கிற இடத்தில், கொட்டை எழுத்தில் 'பஸ்' என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாய்.

பஸ்ஸில் என்ன தப்பு என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். டவுனுக்குத் தினமும் அதில்தானே போகிறேன்! ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் உன் நாவலைப் பற்றி நீ கேட்பாயே. அதனால் நானே பஸ்ஸைத் திருத்தினேன். கண்டக்டரைச் சேர்த்தேன், ஜன்னல் கம்பியில் மழையைச் சேர்த்தேன், மூன்று பக்கம் பஸ்ஸாகவே எழுதினேன். நாலாவது தடவை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் சந்தியாவின் போன் வந்தது.

போன மாதம் சந்தியா இங்கே வந்திருந்தாள், உன் ஆபீஸ் காகிதங்களுக்காக. குட்வில் எஸ்டேட்டில் தன் அண்ணன் வீட்டில் ஐந்து நாள் தங்கினாள். முதல் நாள் சாயங்காலமே பஸ் பிடித்து என் வீட்டுக்கு வந்துவிட்டாள், கையில் நீ எழுதிய மூலப் பிரதியோடு. மெலிந்துபோயிருந்தாள். திக்லிப்பூர் வங்காளிப் பெண், இருபது வருஷம் உன்னோடு குடித்தனம் செய்தும் தமிழ் பேச்சில் நாலு வார்த்தை, எழுத்தில் ஒன்றுமில்லை. இது எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் தன் புருஷன் எழுதிய நாவலைத் தன்னால் படிக்க முடியாது என்றால் என்ன அர்த்தம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

என்னிடம் இருக்கும் ஜெராக்ஸைக் கேட்டாள். புடவைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். எழுத்தைப் பார்க்கவில்லை, ஓரத்தைப் பார்த்தாள். கடைசிப் பக்கம் வரை போனவள் நிமிர்ந்தபோது முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"ஏக் பி கிளாஸ் நஹி, தீதி!"

ஒரு கிளாஸ்கூட இல்லையே, அக்கா! கீழே வைக்காமல் ஒரே மூச்சில் படித்துவிட்டீர்களா? அவர் கடைசி வரை உங்கள் பிரதியைப் பார்க்கணும் என்று ஏங்கிக்கொண்டிருந்தார், தெரிந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார் என்று ஹிந்தியில் மளமளவென்று சொன்னாள். உன் நாவலில் அவளுக்குப் படிக்கத் தெரிந்த ஒரே எழுத்து அந்த டீ கிளாஸ்தான் முருகேசா. நான் தலையை ஆட்டினேன். ஆட்டித் தொலைத்தேன்.

"எனக்குப் படிச்சுக் காட்டுங்க தீதி. ஹிந்தில சொல்லுங்க" என்றாள். மறுக்க என்ன இருக்கிறது? தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் உட்கார்ந்தோம். நான் தமிழில் வாசித்து ஹிந்தியில் சொல்வேன். அவள் மடியில் மூலப் பிரதியை வைத்துக்கொண்டு நான் பக்கம் திருப்பும்போதெல்லாம் தானும் திருப்புவாள். பன்னிரண்டாம் பக்கத்திலிருந்து நானும் அவளும் ஒன்றாகத்தான் உன்னைப் படித்தோம், அது அவளுக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் உன் நாவலில் அந்தக் கப்பல் வந்தது. கல்யாணமாகி முதல் முறை கேம்பல் பே வருகிறாள் வித்யா. மூன்று நாள் வாந்தி எடுத்துத் துவண்டவளைக் கப்பல்துறையில் கைப்பிடித்து இறக்குகிறார்கள். மாமியார் வாஞ்சையாகக் கேட்கிறாள், "சாப்பிட்டியா?" தமிழ் தெரியாத பெண், பெயரைக் கேட்கிறார்கள் என்று நினைத்து, "வித்யா" என்கிறாள். துறையே சிரிக்கிறது. அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் 'சாப்பிட்டியா' என்று கேட்பதில்லை. "வித்யா?" என்று கேட்கிறார்கள்.

இதை நான் ஹிந்தியில் சொல்லி முடிக்கவில்லை, சந்தியா கையை உயர்த்தினாள்.

"பஸ், தீதி. பஸ்."

போதும், அக்கா. போதும். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "நான் அன்னிக்கு 'சந்தியா'ன்னு சொன்னேன்" என்றாள். "போன மழைக்காலம் வரைக்கும் கவுண்டர்லேர்ந்து போன் பண்ணி 'சந்தியா?'ன்னுதான் கேப்பார். சாப்பிட்டேன்னு சொல்லுவேன்."

அந்த ஒரு சொல்லில் அவள் குரலையும் கேட்டேன், உன் குரலையும் கேட்டேன். பஸ்! வாய் திறந்தால் ஹிந்தி கலக்கிற தீவுக்காரன், பேனா எடுத்தாலும் அப்படித்தானே எழுதுவான்? அந்தப் பூட்டோடு போதும்க்கா, நிறுத்துங்க என்று எழுதியிருக்கிறாய். அதற்குப் பிறகு நான் அந்த மகளை முப்பது பக்கம் அழவைத்திருந்தேன். மெயின்லேண்ட்காரர்கள் படித்தால் புரியாது என்றுதானே தீவுக்காரன் ஒருவனைத் தேடினேன், எனக்கே புரியாமல் போயிற்றே.

அதற்குள் சந்தியா மூலத்தில் அந்த இடத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். தன்னைப் பற்றி நீ கையால் எழுதிய அந்தப் பக்கத்தைத் தொட்டுப் பார்க்கவேண்டும் என்று அவளுக்கு. பக்க எண் மட்டும் அவளுக்குப் படிக்கத் தெரியுமல்லவா, எழுபத்தொன்றுக்குப் பிறகு நூற்றுப் பன்னிரண்டு இருந்தது. நடுவில் நாற்பது பக்கம் இல்லை. உன் மூலத்தின் ஓரத்தில் ஒரு வரி இருந்தது. இது என்ன என்று என்னிடம் நீட்டினாள்.

'அக்கா சொன்னது: கப்பல் இடம் இழுக்குது. எடுத்தாச்சு.'

"ஒருநாள் கிழிச்சு அடுப்புல போட்டார்" என்றாள் மெதுவாக. "எதுக்குன்னு கேட்டேன். வேண்டாத பக்கம்னார். அந்தத் தீயில எனக்கு டீ போட்டுக் குடுத்தார்."

இன்னொரு பொய் நாக்கு நுனி வரை வந்தது முருகேசா. அந்த வரியில் என்ன இருக்கிறது என்று நான் எதைச் சொன்னாலும் அவள் நம்புவாள். அதை விழுங்கினேன். உன் சிவப்புப் பேனா மாதிரி ஒன்றை எடுத்து, ஜெராக்ஸில் பதினோராம் பக்கத்தைத் திருப்பி, கடைசி வரிக்குப் பக்கத்தில் ஒரு டீ கிளாஸ் வரைந்து அவள் முன்னால் வைத்தேன்.

பார்த்தாள். பக்க எண்ணைப் பார்த்தாள். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மற்றதை ஹிந்தியில் நான் சொன்னேன், பொறாமை உட்பட. அவள் கத்தவில்லை. மூலத்தைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "அவர் அந்த நாற்பது பக்கத்தை எழுத ஒரு வருஷம் ஆச்சு" என்று மட்டும் சொன்னாள். அடுத்த இரண்டு நாளும் வரவில்லை. அவள் கப்பல் ஏறும் அன்று துறைக்குப் போனேன். என்னைப் பார்த்தாள், திரும்பிக்கொண்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கேம்பல் பே நம்பரிலிருந்து போன் வந்தது. ஹலோ என்றேன். முன்பெல்லாம் மரியாதையாக 'படியே, தீதி', படியுங்கள் அக்கா, என்பாள். அன்றைக்கு தீதியும் இல்லை, மரியாதையும் இல்லை.

"படோ" என்றாள்.

ஹிந்தியில் படோ, தமிழில் படி, ஒரு எழுத்துதான் வித்தியாசம். விட்ட இடத்திலிருந்து படித்தேன். சிக்னல் போய்ப் போய் வந்தது. ஒவ்வொரு முறையும் அவளே திரும்பக் கூப்பிட்டாள். ஏழு பக்கம் முடிந்ததும் போனை வைத்துவிட்டாள். மறுநாளும் கூப்பிட்டாள். என்னை மன்னித்துவிட்டாள் என்று நான் எழுதினால் நீ சிவப்பில் அடிப்பாய். அவள் மன்னிக்கவில்லை. அவளுக்குக் கதை வேண்டும், அது முழுசாக இருப்பது என்னிடம் மட்டும்தான். நீயே சொல்லு, இதைவிடப் பெரிய தண்டனை எனக்கு வேறு என்ன இருக்கிறது?

உன் நாற்பது பக்கமும் என்னிடம் இருக்கிறது. அதை ஒரு எழுத்து மாற்றாமல் என் கையால் நகலெடுக்கிறேன், எழுபத்திரண்டிலிருந்து நூற்றுப் பதினொன்று வரை. முடிந்ததும் அரிசிச் சாக்கை வெட்டிச் சுற்றி நானே கப்பல் ஏறிக் கொண்டுவருவேன். சந்தியா கதவைத் திறப்பாளோ மாட்டாளோ, வாசலிலாவது வைத்துவிட்டு வருவேன். உன் நாவல் முழுசாக இருக்கும். என்னுடையது அந்தப் பூட்டோடு முடியும். உன்னிடம் நான் வாங்கிய கடைசி வார்த்தையை, இப்போதாவது புரிந்துகொண்டு, இங்கே போடுகிறேன்.

பஸ்.

பதினோராம் பக்கத்தில் கிளாஸ் வைத்த,
உன் அக்கா சரோஜா,
கராச்சர்மா