மயில்துத்த நீலத்தில் ஒரு புடவை

தேனு, என் தங்கமே,

ஏரிக்கரையில் உன்னை விட்டுவிட்டு வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன் சாவுக்கு உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டே காலியாகி வந்தது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டு வேன் வந்தது உண்மை. மீதி நான் சேர்த்தது. நீ இருந்திருந்தால், "எங்கண்ணன் சொல்றத பத்தால வகுத்துக்குங்க" என்று பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லியிருப்பாய். இப்போது யாரும் வகுப்பதில்லை. தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். அளப்பதில் ருசியே போய்விட்டது.

எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. மருந்தடிக்கும் மிஷினை நாள் பூராவும் சுமந்தால் தோள் மரத்து, கிள்ளினாலும் தெரியாதே, அப்படி இருக்கிறது. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். திருப்புலிவனத்தில் பாதி கத்தரித் தோட்டம் என் கையால்தான் பிழைக்கிறது. சரி, நாலு தோட்டம்.

உன்னிடம் ஒரு சேதி சொல்ல வேண்டும். மச்சானுக்கு வேறு கல்யாணம். பெண் வாலாஜாபாத் பக்கம், பெயர் சுமதி. உன் மாமியார் என்னைத் தேடி வந்து, "இன்னாப்பா, நீ ஒரு வார்த்த சொன்னாத்தான் மேல வேலைய பாக்கலாம். பூவாடைக்காரி பொடவ உங்க வூட்லேர்ந்துதான் வரணும்" என்றார்.

பூவோடும் பொட்டோடும் போனவளுக்குப் புதுப்புடவை வைத்துப் படைத்து, உத்தரவு கேட்காமல் நம் பக்கம் எந்தக் கல்யாணம் நடந்திருக்கிறது? படைத்த புடவையைக் கல்யாணப் பெண்தான் கட்ட வேண்டும். இந்தத் தடவை பூவாடைக்காரி நீ என்பதை என் வாயால் இன்னும் சரியாகச் சொல்ல வரவில்லை.

நான் சரியென்றுதான் தலையாட்டினேன். உன் மகள் கயல்தான் பையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். "எங்கம்மா பொடவைய கட்டிக்கினு அவங்க என் எதிர்ல நிப்பாங்களா? நான் இனிமே அங்க போவ மாட்டேன் மாமா." இரு என்றேன். அவள் இருந்தால் என் வீடு நிறையும். ஆனால் அந்த வீட்டில் நீ இருந்தாய் என்று சொல்ல யார் இருப்பார்கள்?

அவளுக்குப் பத்தாவது பரீட்சை வருகிறது. உலோகங்களின் வினைபடுதிறன் வரிசையைச் சத்தம் போட்டுப் படித்தாள். நானே விளக்கினேன். டவுன் பஸ்ஸில் சீட்டு பிடிப்பது மாதிரிதான், வரிசையில் மேலே இருக்கிற உலோகம் கீழே இருக்கிறதை எழுப்பிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். நான் படித்த காலத்தில் கெமிஸ்ட்ரி வாத்தியாரே என்னிடம் சந்தேகம் கேட்பார். இதை நீ நூறால் வகுத்துக்கொள்.

அந்த இரும்பு பக்கெட் ஞாபகம் இருக்கிறதா? செடிக்கு மருந்தாக அடிக்கிற செம்பு உப்பு, அந்த மயில்துத்தத்தை அதில் கரைத்து வைத்தேன். உள்பக்கமெல்லாம் செக்கச்செவேல் என்று ஆனது. இரும்பைச் செம்பாக்கிவிட்டேன் என்று டீக்கடையில் தூக்கிக் காட்டினேன். அப்போது சாலவாக்கம் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த நீ பஸ்ஸை விட்டிறங்கி எட்டிப் பார்த்துவிட்டு, "மருந்த பக்கெட்டு குட்ச்சிடுச்சிண்ணா. நீ செடிக்கு வெறுந்தண்ணிய அட்ச்சிக்கினு கீற" என்றாய். கடையே சிரித்தது. நானும்தான்.

கயல் ஒரு துண்டு மயில்துத்தம் கேட்டாள். கண்ணாடி டம்ளரில் கரைத்து, ஆணி ஒன்றைப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். எழுந்து வந்து பார்த்தால் ஆணி சிவந்திருந்தது. தண்ணீரில் நீலம் வெளுத்திருந்தது.

"பாத்தியா, மாமன் இரும்ப செம்பாக்கிட்டேன்."

"நீங்க திருந்தவே மாட்டீங்க மாமா. உள்ள இரும்பாதான் கீது. இரும்புக்குப் பலம் ஜாஸ்தி, செம்ப தண்ணிலேர்ந்து தள்ளிடுச்சி. தள்ளின செம்பு எங்கயும் போவல. தள்ளின ஆணி மேலயே ஒட்டிக்கினு..."

அதோடு நிறுத்திவிட்டாள். ஆணியை எடுத்து விரலால் தேய்த்தாள். விரலில் செம்பு வந்தது. அதன் பிறகு அவள் படிக்கவில்லை.

மறுநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டே கேட்டாள். "பொடவ இன்னா கலரு மாமா?"

"இன்னும் எடுக்கல."

"நான் வரேன். உங்களுக்கு எடுக்கத் தெரியாது."

மயில்துத்த நீலம்தான் எடுத்தாள். உனக்குப் பிடித்தது.

படையல் அன்று சுமதிக்கு அவள்தான் கொசுவம் பிடித்துவிட்டாள். "இன்னும் கொஞ்சம் எறக்கிக் கட்டணும். எங்கம்மா அப்டித்தான் கட்டும்" என்றாள். சுமதி, "சரிம்மா" என்று கையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றது. வாசற்படியில் நின்ற மச்சான் வெளியே போய்விட்டார். கயலின் பை அன்றைக்கே அந்த வீட்டுக்குத் திரும்பிவிட்டது.

பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம், நீ வந்து இறங்கினாய், விளக்குத் தீ கூரைவரைக்கும் எழும்பியது, என்னிடம் மட்டும் பேசிவிட்டுப் போனாய் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

வடை போட்டுக்கொண்டு வந்த கயல், நிமிராமலே, "எங்க மாமா சொல்றத பத்தால வகுத்துக்குங்க" என்றாள்.

மரத்த தோளில் யாரோ கிள்ளியது போல இருந்தது, தேனு. வடை வேண்டாம் என்று இலையை மூடிவிட்டேன்.

ஞாயிறு தவறாமல் அந்த வீட்டுக்குப் போவேன். கயல் படிக்கிற வரைக்கும் படிக்க வைப்பேன். சுமதியையும் தங்கச்சி என்றே கூப்பிடுவேன். இதை மட்டும் வகுக்காதே.

உன் அண்ணன்,
கயலின் தாய்மாமன்