பனிக்கு அந்தப் பக்கம்

இன்று பள்ளிக்கூடத்துக்குப் புதிய உலகப்படம் வந்தது. சுருளைப் பிரித்துச் சுவரில் மாட்டினேன். துணியின் முதுகில் பூசியிருந்த பசையின் வாசம் வகுப்பு முழுவதும் பரவியது. பிள்ளைகள் இலங்கையைத் தேடினார்கள். என் கண் மேலே போனது. மரச்சட்டத்துக்குச் சற்றுக் கீழே, யாரும் பார்க்காத அந்த வெள்ளைக் கடல். அதைப் பார்த்ததும் உன் குரல் கேட்டது. "ஏய் தொரசாணி, அந்தக் கப்பலு என்னாச்சு, சொல்லு."

உனக்கு எழுத இனி முகவரி இல்லை. ஆனாலும் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன்.

டயகம தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீட்டில் நமக்கு அடுத்தடுத்த அறைகள். நீ இருமினால் இங்கே என் அம்மா திட்டுவாள். நீ ஐந்தாம் வகுப்போடு கொழுந்துக் கூடையைத் தூக்கினாய். நான் எப்படியோ பேராதனைப் பல்கலைக்கழகம் வரை போய்விட்டேன். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அம்மாவோடு மலைக்கு வருவேன். மலையில் ஆளுக்கொரு நிரை, ஒரு வரிசைத் தேயிலைச் செடி. எனக்குக் கை ஓடாது. நீ உன் நிரையை முடித்துவிட்டு, என் நிரையின் அடுத்த முனையில் இறங்கி, என்னைப் பார்த்தபடி எதிரே பறித்துக்கொண்டு வருவாய். மூடுபனியில் நீ கண்ணுக்குத் தெரிய மாட்டாய். செடி சலசலக்கும். பிறகு தலையில் கட்டிய படங்குச் சாக்கு, அதற்குப் பிறகு உன் பல்.

"வந்துட்டேன். இப்ப கதைய சொல்லு."

எனக்கு நாலு பேர் முன்னால் பேச்சு வராது என்று உனக்குத் தெரியும். உன்னிடம் மட்டும் வரும். புவியியல் வகுப்பில் கேட்டதையும் நூலகத்தில் படித்ததையும் பச்சைச் செடிகளுக்கு மேலாக உனக்குச் சொன்னேன். ஐரோப்பாவிலிருந்து சீனாவுக்குத் தெற்கே நீண்ட வழி இருந்தது. வடக்கே பனிக்கடலில் புகுந்தால் குறுக்கே போய்விடலாம் என்று நம்பி, தலைமுறை தலைமுறையாகக் கப்பல்களை அனுப்பினார்கள்.

"எதுக்குடி அம்புட்டு அவசரம்?"

"பட்டு, வாசனைச் சாமான். அப்புறம் தேயிலையும்தான்."

நீ கையிலிருந்த கொழுந்தைப் பார்த்தாய். "இந்தக் கருமத்துக்கா?"

மேல் நிரையிலிருந்து, வேலை வாங்கும் கங்காணி கத்தினார். "படிச்சதும் படிக்காததும் ஒண்ணா சேந்தா கூடையில கொழுந்தா வரும்? கதைதான் வரும்!"

"அதையும் தராசுல போடுங்க கங்காணி! இன்னைக்கு எல்லாருக்கும் முழுச் சம்பளம்!"

நீ சொன்னதற்கு மலையே சிரித்தது. நான் செடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

உறைந்த கடலில் மாட்டிக்கொண்ட மாலுமிகள் சூரியனே இல்லாத மாதங்களில் மனம் பேதலிக்காமல் இருக்கக் கப்பலுக்குள்ளேயே நாடகம் போட்டார்கள் என்றேன். ஆண்களே பெண் வேடம் கட்டினார்கள் என்றதும் நீ கூடையை இறக்கிவிட்டாய். "அங்கயும் காமன் கூத்தா? ரதி வேஷம் கட்டுனவனுக்கு மீசை இருந்துச்சா?" நம் தோட்டத்துக் கூத்தில் ரதி வேஷம் கட்டிய உன் சித்தப்பா மீசையை எடுக்க மாட்டேன் என்று முரண்டு பிடித்த கதையை மறுபடி ஆரம்பித்தாய். வடதுருவம் அன்று அவ்வளவோடு நின்றது.

நீ நம்பாதது ஒன்றுதான். பனிப்பாளத்தைத் தாண்டிவிட்டால் அந்தப் பக்கம் உறையாத, வெதுவெதுப்பான கடல் இருக்கிறது என்று பெரிய படிப்பாளிகளே சொன்னார்கள் என்றேன்.

"யாராச்சும் பாத்தாங்களா?"

"இல்ல."

"பாக்காமலேயே கப்பல விட்டானுங்களா! பைத்தியக்காரனுங்க."

உனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு கதை. மேற்குப் பக்கமாக நுழைந்த ஒரு கப்பல் பனியில் இறுகிக்கொண்டது. உணவு குறைந்தது, ஆட்கள் நோயில் விழுந்தார்கள். ஒருநாள் தூரத்தில், வெள்ளைப் பனிமேல் முகமெல்லாம் கரியாக ஒரு மனிதன் கையை ஆட்டியபடி ஓடி வந்தான். கிழக்குப் பக்கமாக வந்த வேறொரு கப்பலின் ஆள். பனிமேல் நடந்தே வந்து சேர்ந்தவன். அதுவரை இரண்டு பக்கத்திலிருந்தும் போனவர்கள் நடுவில் சந்தித்ததே இல்லை. நீ சொன்னாய், "இதுக்குப் போயி பெரிய பொஸ்தகமா? அவன் எதிர் நிரை புடிச்சு வந்திருக்கான், அம்புட்டுத்தான்."

பிறகு உன் அப்பாவுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. லயத்தில் அன்று அவர் நடந்த நடையே வேறு. "முசிறிப் பக்கம் வாய்க்காங்கரையில எங்கய்யா நெலம் கெடக்கு. பங்காளிங்க வழி பாத்துக்கிட்டு இருக்காங்க" என்றார். அவர் பிறந்தது டயகமவில். அந்த வாய்க்காலை அவர் கண்ணால் கண்டதில்லை.

அந்த வாரம் நிரையில் நான் பேசிவிட்டேன். "நீ போகாத. எங்க வீட்டுல இரு. எங்கம்மா ஒண்ணும் சொல்லாது. உங்கப்பா சொல்ற நெலம் அந்த வெதுவெதுப்பான கடல் மாதிரிதான். யாரு பாத்தா?"

நீ பறிக்கும் கையை நிறுத்தவில்லை. "எனக்குத் தெரியாதாடி? ஆனா இங்க மட்டும் நம்மள யாரு இந்த நாட்டு ஆளுன்னு எழுதிக்கிட்டான்? அப்பாவத் தனியா அனுப்பிட்டு நான் இங்க சோறு திங்கவா?" பிறகு உன் வழக்கப்படி சிரித்தாய். "நீ இந்தப் பக்கத்துலேருந்து வா. நான் அந்தப் பக்கத்துலேருந்து வாரேன். நடுவுல கடல்தான, பாத்துக்குவோம்."

தலவாக்கலை ஸ்டேஷனில், இந்தியாக் கப்பலுக்காக மன்னார்ப் பக்கம் போகும் தகரப் பெட்டிகளோடு பெட்டியாக நீயும் உட்கார்ந்திருந்தாய். அழுதது நான்தான். நீ உன் கம்பளியை எடுத்து எனக்குப் போர்த்தி, "அங்க வெயிலு, இது எதுக்கு எனக்கு?" என்றாய்.

அதன்பிறகு ஒவ்வொரு விடுமுறையிலும் மலைக்குப் போனேன். என் நிரையை யாரும் எதிரே வந்து முடிக்கவில்லை. மூடுபனியில் செடி சலசலத்தால் நிமிர்ந்து பார்ப்பேன். காற்றாக இருக்கும்.

அக்கரப்பத்தனை ஜவுளிக்கடைக்கார நானா கடல் தாண்டி நாகூர் கந்தூரிக்குப் போகிறார் என்று தெரிந்ததும், உங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி, உனக்கென்று ஒரு பொட்டலம் தேயிலை கொடுத்தனுப்பினேன். நல்ல மனுஷர், தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார். திரும்பி வந்ததும் கடைக்குப் போய் நின்றேன். அவர் அளந்துகொண்டிருந்த துணியை மடித்து வைத்தார்.

"நெலமும் இல்ல, ஒண்ணும் இல்ல மகள். சொந்தக்காரங்க மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்துல சாய்ப்பு இறக்கிக் குடுத்திருக்காங்க. சிலோன்காரங்கன்னுதான் கூப்புடுறாங்க. அந்தப் புள்ளைக்கு நல்ல காய்ச்சல். தேயிலைய மோந்து பாத்து மோந்து பாத்துச் சிரிச்சுது. என்னமோ சொல்லிச்சு, எனக்கு வெளங்கல்ல."

"என்ன சொன்னா நானா?"

"அந்தப் பக்கமும் பனிதான்னு அவகிட்டச் சொல்லுங்க, அப்படின்னுச்சு. அந்த வேகுற வெயில்ல எங்க மகள் பனி? காய்ச்சல்ல பெனாத்துதுன்னு நெனச்சேன்."

துணிக்கட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். அடுத்த மாதம் நீ கண்ணை மூடிவிட்ட செய்தி வந்தது.

இப்போது இலங்கை, இந்தியா இரண்டு அரசுகளும் உட்கார்ந்து பேசி, இவ்வளவு பேர் அங்கே, இவ்வளவு பேர் இங்கே என்று நம்மைப் பங்கு வைத்திருக்கின்றன. லயம் முழுவதும் இதே பேச்சு. போன வாரம் என் வகுப்புப் பையனின் தாய், மலையிலிருந்து நேராக, ஈரப் படங்கோடு வந்து நின்றாள்.

"டீச்சர், நீங்க பெரிய படிப்பு படிச்சவங்க. வீட்டுக்காரரு போவோங்கிறாரு. சொந்த ஊருல எல்லாம் இருக்காம். போறதா, இருக்கிறதா, நீங்களே சொல்லுங்க."

போ என்றோ இரு என்றோ சொல்ல நான் யார்? ஆனால் அன்று என் வாய் பூட்டிக்கொள்ளவில்லை.

"அங்க நம்மாளு ஒருத்தி போயிருக்கா" என்றேன். "நெலத்தைக் கண்ணால பாக்காம வராதீங்கன்னு சொல்லி அனுப்பியிருக்கா. மொதல்ல வீட்டுக்காரர் மட்டும் போயிப் பாத்துட்டு வர வழி இருக்கான்னு கேட்டுப் பாருங்க."

நீ சொன்னதை நான் அப்படித்தான் பெயர்த்துச் சொன்னேன். சரிதானே?

அவள் ஈரப் படங்கை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டாள். "யாரு டீச்சர் அது? பேரு என்னா?"

சொன்னேன். நீ கண்ணை மூடிய பிறகு உன் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.