காது கேட்ட மத்தியானம்

மார்ச் 4, செவ்வாய்

என் பெண் உருண்டைக்குக் கீழ்ப்பல் முளைக்கிறது. என் இடது தோளில் ஒரு ஈர வட்டம் காய்வதே இல்லை. எந்தச் சட்டை போட்டாலும் அதே இடம்.

வேலை சுமாராகப் போனது. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களிடம் துணி சோப்பு, தேர்தல், செல்போன் மூன்றையும் ஒரே மூச்சில் கேட்பது வேலை. இதற்கா புள்ளியியல் படித்தாய் என்று அம்மா கேட்கிறாள். வீட்டிலிருந்தே செய்யலாம், குழந்தை கண்ணெதிரே இருக்கும் — அதற்குத்தான்.

சோப்பு முதலில் வரும். சோப்பைப் பற்றி யாரும் பொய் சொல்வதில்லை, வாய் தானாகத் திறந்துகொள்ளும். அதற்குப் பிறகுதான் ஓட்டு. இன்று ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற தபால்காரர், பற்பசையைப் பற்றி மட்டும் ஒரு பிரசங்கமே செய்தார். "ட்யூப் வாயை வருஷா வருஷம் பெரிசாக்கறான், கவனிச்சியாம்மா? நாம நிறைய பிதுக்கணும்னுதான்!" தேர்தல் என்றதும் "அதெல்லாம் சொல்றதுக்கில்ல." கடைசிக் கேள்வி: உங்கள் பேச்சை உங்களுக்குத் தெரியாமல் யாராவது கேட்பதாகக் கவலைப்படுகிறீர்களா? "என் பேச்சை என் பொண்டாட்டியே கேக்கறதில்ல. வேற எவன் கேப்பான்?"

சிரித்துக்கொண்டே 'இல்லை' என்ற கட்டத்தைத் தொட்டேன். இந்த வாரம் எல்லாரும் 'இல்லை'தான்.

மார்ச் 6, வியாழன்

உருண்டை ரிமோட்டைக் கடித்து வால்யூமைக் கூட்டிவிட்டாள். ஒரு வேட்பாளர் வீடே அதிரக் கத்தினார். அவளுக்கு ஒரே சந்தோஷம்.

மார்ச் 10, திங்கள்

ஒரு தையல்காரம்மா. சோப்புக்கு உரக்கப் பதில் சொன்னார், பவுடருக்கும் உரக்க. யாருக்கு ஓட்டு என்றதும் குரல் கிணற்றுக்குள் போய்விட்டது. "அவரு ஹால்லதான் இருக்காரு. நான் வேற ஆளுக்குப் போடறேன்னு தெரிஞ்சா அவ்ளோதான். யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல?" என் முன்னால் இருந்த வரியைப் படித்தேன்: தங்கள் பதில்கள் ரகசியமாக வைக்கப்படும். அந்த வரியை இதுவரை நான் நிதானமாகப் படித்ததே இல்லை. இன்று படித்தேன்.

ஆனால் காது கேட்கும். தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து எங்கள் பதிவுகளைக் கேட்டுத் தரம் பார்ப்பவர்களுக்கு நாங்கள் வைத்த பெயர் 'காது'. எல்லாவற்றையும் கேட்பதில்லை, அங்கொன்று இங்கொன்று. ஆரம்பத்திலேயே 'இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது' என்று சொல்லிவிடுகிறோமே. அதை மட்டும் நான் ரயில் வேகத்தில் படிப்பேன்.

இப்போது ஒரு சூட்சுமம் கண்டுபிடித்திருக்கிறேன். ஒரு பேட்டி முடிந்ததும் கணினியில் அந்தப் பேட்டித் திரையை மூடித் திறந்தால், லோடாகும் வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, உருண்டையே எழுந்துவிடுவாள். மூடாமல் மூலையில் இருக்கும் 'அடுத்த எண்' பொத்தானை அழுத்தினால் உடனே புது ஆள் வந்துவிடுகிறார். அவள் தூங்கும் நேரம் கொஞ்சம். அதில் இரண்டு பேட்டி கூடுதலாகக் கிடைக்கிறது. எங்கள் டீம் லீடர் — எதற்கெடுத்தாலும் "ஸ்பீடா மேடம், ஸ்பீடா" என்பதால் ஸ்பீடு — இன்று என்னைப் பாராட்டினார். எனக்கே என் மேல் ஒரு பெருமை.

மார்ச் 13, வியாழன்

இன்றைக்கு எழுத வேண்டாம்.

மார்ச் 14, வெள்ளி

எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் தலைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

நேற்று காலையிலிருந்து அழுகை. காய்ச்சல் இல்லை, பல்தான். பால் வேண்டாம், பழம் வேண்டாம், தூக்கினால் அழுகை, இறக்கினால் அதைவிட. அவருக்கு இரண்டு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. எங்கோ ஒரு கட்டிடத்தில் லிஃப்ட் நின்றுபோயிருந்தது. லிஃப்ட் மெக்கானிக் வீட்டுக்காரி புரிந்துகொள்ள வேண்டும் இல்லையா. அவளை மடியில் வைத்துக்கொண்டே ஒருவரிடம் கேள்வி கேட்டேன். அந்த ஆள், "மொதல்ல உன் குழந்தையப் பாரும்மா, அப்புறம் ஊரார் சோப்பப் பத்தி விசாரிக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

அப்போதுதான் சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

ஏன்டி வந்து பொறந்தே. உன்னைப் பெத்ததிலேருந்து எனக்கு ஒரு நாள் நிம்மதி இல்ல.

தொட்டிலில் போட்டேன் — வைக்கவில்லை, போட்டேன் — சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டேன். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது என்று. கேட்டது.

எவ்வளவு நேரம்? தெரியவில்லை. அப்புறம் என்ன செய்தேன்? அதுவும் சரியாக ஞாபகமில்லை. சாயங்காலம் அவர் வந்தபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். "இன்னிக்கு சமத்தா இருந்தாளா?" என்றார். ம் என்றேன்.

அவளுக்கு வார்த்தை புரியாது. ஆனால் முகம் புரியும். அவளுக்கு முகம் எல்லாம் புரியும்.

மார்ச் 17, திங்கள்

ஸ்பீடு கூப்பிட்டார். "மேடம், உங்க ஃபைல் எல்லாம் ஏன் இவ்ளோ நீளம்? ஒரு பேட்டி ஒரு மத்தியானம் பூரா ஓடுது?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. "போன வச்சதும் பதிவு நின்னுடும்ல?"

"போன் வேற, பதிவு வேற மேடம். லைன் இருந்தாலும் இல்லாட்டியும் திரைய மூடினாத்தான் பதிவு நிக்கும். பயிற்சியிலயே சொன்னோமே." எதிரே பேப்பர் புரளும் சத்தம். "நாளைக்குக் காது உங்ககிட்ட நேரா பேசுவாங்களாம்."

பயிற்சி நடந்தபோது உருண்டை வயிற்றில் உதைத்துக்கொண்டிருந்தாள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்.

ஐயோ. எல்லாமே போயிருக்கு. அத்தையைப் பத்தி நான் அம்மாகிட்ட பேசினது. ஸ்பீடு மாதிரி பேசிக் காட்டினது. பாட்டு. யாருக்கு ஓட்டுப் போடப்போறேன்னு உருண்டைகிட்ட சொன்னது. அதெல்லாம் போகட்டும். வியாழக்கிழமை. வியாழக்கிழமை போயிருக்கு. ஹெட்செட் மேஜை மேலதான் இருந்துச்சு. குழாய்ச் சத்தம் வரைக்கும் போயிருக்கும்.

வேலை போனால் போகட்டும். அந்தக் குரலை யாரோ கேட்டிருக்கிறார்கள். எவரிடம் சொல்வார்கள்? இவருக்கு அனுப்புவார்களா? இவள் எல்லாம் ஒரு தாயா என்று பக்கத்து நாற்காலியைத் தட்டிக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டியிருப்பார்களா?

அவர் சாப்பிட்டுக்கொண்டே போனைக் காட்டினார். பல் முளைக்கும் குழந்தைக்குக் கடிக்கிற வளையம், விளம்பரம். "பாத்தியா, நேத்து நாம பேசினோம், இன்னிக்கு வந்துடுச்சு. இந்த போன் ஒட்டுக் கேக்குது!" என்று சிரித்தார். நான் எழுந்து போய்விட்டேன். என்ன ஆச்சு இவளுக்கு என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 18, செவ்வாய்

காது பேசியது. காது ஒரு பெண். ஜலதோஷம் பிடித்த குரல், வாயில் ஏதோ மிட்டாய். "நான் கேக்கற வேலைதாங்க, பேசிப் பழக்கமில்ல" என்றுதான் ஆரம்பித்தாள். என் வயதுதான் இருக்கும்.

"வேலைக்கு ஒண்ணும் ஆகாது. இனிமே மூடிடுங்க, அவ்ளோதான். உங்க ஸ்பீடுகிட்ட சொல்லிட்டேன்." கூடவே, "அவர மாதிரியே பேசறீங்க, அப்படியே இருக்கு" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "வியாழக்கிழமையும் கேட்டீங்களா?"

"கேட்டேன். முழுசா."

"முழுசா கேக்கணும்னு சட்டமா?"

"இல்ல. கொஞ்சம் கேட்டா போதும். ஆனா குழந்தை அழுதிட்டிருந்துச்சு. நடுவுல எப்படிங்க நிறுத்தறது? நீங்க திரும்பி வர்ற சத்தம் கேக்கற வரைக்கும் என்னால ஹெட்செட்டைக் கழட்ட முடியல."

வந்தேனா என்று கேட்டேன். என்ன ஒரு கேள்வி. ஆனால் அதைத்தான் கேட்டேன்.

"வந்தீங்க. குழாய நிறுத்தினீங்க, கதவு திறந்துச்சு. ரொம்ப நேரம் ரெண்டு பேருமே அழுதீங்க. அப்புறம் நீங்க அவள பேட்டி எடுத்தீங்க. ஞாபகம் இல்லையா? 'அம்மணி, தாங்கள் எந்த சோப்பு உபயோகிக்கிறீர்கள்?' அவ ப்ர்ர்னு ஏதோ சொன்னா. 'வரும் தேர்தலில் தங்கள் ஆதரவு யாருக்கு?' அதுக்கும் ப்ர்ர். 'ப்ர்ர் கட்சி. புதுசா இருக்கே, குறிச்சுக்கறேன்'னீங்க. சிரிச்சா பாருங்க... நான் இங்க வாயப் பொத்திக்கிட்டேன், பக்கத்துல ஆள் இருக்கே."

எனக்கு ஞாபகமே இல்லை. ஐந்து நாளாக நான் சொன்ன ஒரு வாக்கியத்தை மட்டும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகும் அந்த மத்தியானம் நடந்திருக்கிறது.

அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது, எங்கிருந்து என்று தெரியவில்லை. "அது என் வீடுங்க. நீங்க கேட்டிருக்கக் கூடாது" என்றேன்.

"ஆமா. கேட்டிருக்கக் கூடாது" என்றாள். வேறு எந்தச் சமாதானமும் சொல்லவில்லை. அதனால்தானோ என்னவோ, அவளை வெறுக்க முடியவில்லை.

கம்பெனிக்காக எடுத்த பேட்டியை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு மிச்சத்தை அழிக்க அவளுக்கு அனுமதி உண்டாம். "அழிக்கறதுக்கு முன்னாடி உங்களுக்கு அனுப்பட்டுமா? அந்தச் சிரிப்பு மட்டுமாவது?"

வேண்டும் என்று நாக்கு நுனி வரை வந்தது. சிரிப்பை மட்டும் வைத்துக்கொண்டால் நான் நல்லவள் ஆகிவிடுவேன். அது எனக்குப் பிடிக்கவில்லை. உருண்டை அழுததையும் சேர்த்து ஒரு கம்பெனிப் பெட்டியில் வைத்திருப்பது அதைவிடப் பிடிக்கவில்லை.

"அழிச்சிடுங்க" என்றேன்.

போனை வைத்த பிறகு, அந்தச் சிரிப்பையாவது கேட்டிருக்கலாமே என்றிருந்தது. இப்போதும் இருக்கிறது.

மார்ச் 19, புதன்

அவரிடம் சொல்லிவிட்டேன். எவளோ ஒருத்திக்குத் தெரிந்தது இவருக்குத் தெரியாமல் இருப்பது சகிக்கவில்லை. பால் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தார். முதுகைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. அந்த வாக்கியத்தை அப்படியே சொன்னேன், மழுப்பவில்லை.

பாட்டிலைக் கவிழ்த்து வைத்தார்.

"அன்னிக்கு நீ போன் பண்ணினதப் பாத்தேன்" என்றார். "லிஃப்ட் வேலை அப்பவே முடிஞ்சிடுச்சு. கீழ டீ குடிச்சுட்டிருந்தேன். எடுத்தா வாங்கன்னு சொல்வே, வந்தா தூக்கச் சொல்வே. அதான்... எடுக்கல."

டீ குடிச்சிட்டிருந்தீங்களா! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. கத்தினேன். நன்றாகக் கத்தினேன். மடிக்கணினி மூடியிருக்கிறதா என்று நடுவில் திரும்பிப் பார்த்துக்கொண்டு கத்தினேன். அதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்தார், முடியவில்லை. எனக்கும்தான்.

பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, "நான் இருந்திருந்தா அவ்ளோ தூரம் போயிருக்காது" என்றார். அது போதும். மன்னிப்பு என்ற வார்த்தை எங்கள் வீட்டில் அவ்வளவாகப் புழங்காது.

படுக்கும்போது கேட்டார்: "உன் ஓட்டு யாருக்குன்னு கம்பெனிக்கே தெரிஞ்சுபோச்சு. எனக்கு மட்டும்தான் இன்னும் தெரியாதா?"

"தங்கள் பதில்கள் ரகசியமாக வைக்கப்படும்" என்றேன்.

மார்ச் 24, திங்கள்

ஒவ்வொரு பேட்டி முடிந்ததும் மூடுகிறேன். வட்டம் சுற்றுகிறது. சுற்றட்டும். அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 'இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது' — இப்போது மெதுவாகப் படிக்கிறேன். அதைக் கேட்டதுமே இரண்டு பேர் வைத்துவிட்டார்கள். ஸ்பீடுக்கு வருத்தம்.

மார்ச் 27, வியாழன்

அவர் மத்தியானம் லீவு போட்டுவிட்டு வந்தார். குழந்தையை வாங்கிக்கொண்டு, "போய்த் தூங்கு" என்றார். படுத்தேன். தூக்கம் வரவில்லை. அறைக்குள் இரண்டு பேரும் ப்ர்ர் ப்ர்ர் என்று ஏதோ கட்சிக் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தார்கள். கேட்டுக்கொண்டே கிடந்தேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

இரண்டு பற்கள். அரிசி நுனி அளவு. ஸ்பூனில் பட்டால் டிக் என்கிறது.

இன்று ஒரு பெண் பேட்டிக்குக் கிடைத்தாள். சின்னக் குரல். சோப்பு முடிந்தது, தேர்தல் முடிந்தது, போன் கேள்விக்கு வந்திருந்தோம். பின்னால் ஒரு குழந்தை முதலிலிருந்தே சிணுங்கிக்கொண்டிருந்தது, இப்போது வீறிட்டது. அவள் போனை நகர்த்தக்கூட இல்லை. "சனியனே, ஒரு நிமிஷம் என்னை நிம்மதியா இருக்க விட மாட்டியா! எங்கயாவது தொலைஞ்சு போ!"

அழுகைக்கு நடுவே அவள் மூச்சு வாங்குவது கேட்டது. நான் கேட்டுவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இன்னும் ஒரே ஒரு பதில். அதை வாங்கினால் பேட்டி கணக்கில் சேரும், மூடினால் முழுசும் வீண். 'உங்கள் பேச்சை உங்களுக்குத் தெரியாமல் யாராவது' என்ற வரி என் முன்னால் நின்றுகொண்டிருந்தது.

மூடினேன். பதிவு நின்றது. லைன் இருந்தது.

"பதிவ நிறுத்திட்டேங்க. இதுவரைக்கும் உள்ளதையும் அழிக்கச் சொல்லிடறேன். நீங்க போய்க் குழந்தைய எடுங்க, நான் லைன்ல இருக்கேன்."

போனைக் கீழே வைக்கும் சத்தம். காலடி. ஹெட்செட்டைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டேன், அங்கே நடப்பது என் காதில் விழாத தூரத்தில். உருண்டை என் காலைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்த்தாள். தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். ரொம்ப நேரம் கழித்து ஹெட்செட்டிலிருந்து மெல்லிசாக ஒரு "ஹலோ" வந்தது.

எடுத்து மாட்டினேன்.

"இருக்கீங்களா?" என்றாள். மூக்கை உறிஞ்சினாள். "என்ன கேட்டுட்டிருந்தீங்க? சோப்பா?"

"கேள்வியெல்லாம் முடிஞ்சுதுங்க" என்றேன். "பல்லா?"

"ஆமாங்க, பல்லுதான்" என்றாள்.