தார் ரோட்டுக்கு ஒரு ஜோடி சக்கரம்

2 அக்டோபர் 1988, ஞாயிறு

விடியற்காலை மழை. சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வந்தபோது நின்றிருந்தது. குவீன்ஸ்டவுனிலிருந்து சிராங்கூன் ரோடு வரை சண்முகத்தோடு சைக்கிள், வழக்கம்போல. எதிர் ப்ளாக்காரர். கப்பல் பட்டறையில் வேலை. மனைவி இறந்து சில வருஷம்.

அவருடையது ரேஸ் சைக்கிள், விரல் தடிமன் டயர். என்னுடையது ஆபீஸ் விருந்துக் குலுக்கலில் விழுந்த மவுண்டன் பைக். முள் முள்ளாக டயர். தார் ரோட்டில் உர்ரென்று சத்தம்தான், வேகம் இல்லை. பாலத்தடியில் எனக்காக நின்றிருந்தார். முகத்தில் சலிப்பு இல்லை. எனக்குத்தான் வெட்கம்.

தோசை சாப்பிடும்போது, "வழவழ டயர் மாத்திடுங்க. பறக்கும்" என்றார்.

"மாசா மாசம் ஆபீஸ் பொண்ணுங்களோட உபின் தீவுக்குப் போறேன்ணே. அங்க மண் ரோடு. ஒவ்வொரு தடவையும் டயரக் கழட்டி மாட்ட என்னால ஆகாது."

"அப்ப ரோட்டுக்குன்னு தனியா ஒரு ஜோடி சக்கரம் வாங்கி வைங்க. நானும் கூட வந்து பாக்கறேன்."

"வேணாம், நானே பாத்துக்கறேன்."

ஏன் அப்படிச் சொன்னேன், தெரியவில்லை.

காப்பி வந்தது. தம்ளரைப் பார்த்துக்கொண்டே, "அண்ணே வேணாமே பிலோமினா. பேர் சொல்லுங்க" என்றார். நாக்கைச் சுட்டுக்கொண்டேன். வழியெல்லாம் வேறு ஏதோ பேசினேன்.

தம்பி பெண்டாட்டி ரெஜினா கேட்ட முருங்கைக்காய் மறந்துபோச்சு.

5 அக்., புதன்

நல்ல வெயில். வேலை முடிந்து சைக்கிள் கடை. சீனக் கிழவர். அலுமினிய விளிம்பு, ஜப்பான் சாமான், புதுசு: தொடவே முடியாது. இரும்பு விளிம்பு: பாதி விலை. "மழை வந்தா பிரேக் பிடிக்காது லா" என்று அவரே மலாயில் சொல்லிவிட்டார். பழசு ஏதாவது? "சைக்கிளக் கொண்டு வா. பாக்காம எப்படிக் குடுக்க?"

கொண்டுபோக நேரம் ஏது. ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும்.

வீட்டில் தம்பி: "கீழயே எம்ஆர்டி ரயில் வந்தாச்சு. இப்பப் போய் சைக்கிளா?" ரெஜினா சிரித்துக்கொண்டு கத்தரிக்காய் நறுக்கினாள். தம்பி பெண்டாட்டிக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிறேன்.

8 அக்., சனி

மூட்டம். சுங்கை ரோடு பழைய சாமான் சந்தை. வழவழ டயரோடு ஒரு ஜோடி, 26 என்று எழுதியிருந்தது. என்னுடையதும் 26. விலை சொன்னதும் பேரம்கூடப் பேசவில்லை. பஸ்ஸில் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், டிரைவர் முறைக்க முறைக்க.

பொருந்தவில்லை. 26 என்றால் எல்லாம் ஒரே 26 இல்லையாம், எனக்கு யார் சொன்னார்கள். முன் சக்கரத்தில் பிரேக் கட்டை விளிம்பைத் தொடவே இல்லை. பின் சக்கரத்தில் ஒற்றைப் பல்சக்கரம். என் கியருக்கு ஆறு வேண்டும். சரி, பழையதையே மாட்டுவோம் என்று முறுக்கினேன். கோபத்தில் முறுக்கியதில் அச்சில் மரை போய்விட்டது, நட்டு பிடிக்கவில்லை. சைக்கிள் ஹாலில் மல்லாந்து கிடக்கிறது.

அவருக்கு போன் செய்தேன். உண்மையைச் சொல்லத்தான் எடுத்தேன். நானே பார்த்துக்கொள்கிறேன் என்று பெருமை பேசிவிட்டு இதை எப்படிச் சொல்ல. "நாளைக்கு வர முடியலண்ணே" என்றேன்.

வாய்ப் பழக்கம். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது.

அவர், "சரிங்க. பரவால்ல."

9 அக்., ஞாயிறு

பூசையில் மனம் இல்லை. காரிடாரிலிருந்து பார்த்தேன். தனியாகப் போனார். மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை.

15 அக்., சனி

வாரம் முழுக்க மழை. சைக்கிளைக் கடைக்குத் தள்ளிக்கொண்டே போனேன். கிழவர் அச்சை மாற்றி, பழைய சக்கரம் ஒரு ஜோடி தேடிக் கொடுத்தார். முன்னது அலுமினியம், பின்னது இரும்பு. ஜோடி இல்லாத ஜோடி. ஆனால் ஓடுகிறது. சத்தமே இல்லை, எண்ணெய் மேல் போகிற மாதிரி.

சாயங்காலம் இரண்டு தடவை போன். யாரும் எடுக்கவில்லை.

16 அக்., ஞாயிறு

கீழே வெகுநேரம் நின்றேன். வரவில்லை. முருங்கைக்காய் வாங்க மார்க்கெட்டுக்கு நடந்தே போனேன்.

19 அக்., புதன்

பஸ் ஸ்டாப்பில் அவர். தலைமுடி வெட்டியிருந்தார்.

"துபாய்ல எங்க கம்பெனி வேலை எடுத்திருக்கு. ரெண்டு வருஷம். ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருந்தாங்க. போன வாரம் திங்கக்கிழமை சரின்னு சொல்லிட்டேன்."

"திங்கக்கிழமையா?"

"ஆமா. இங்க இருந்து என்ன செய்யப் போறேன்."

ஒன்பதாம் தேதிக்கு மறுநாள். கேட்க வேண்டியது எவ்வளவோ. நான் சொன்னது, "சக்கரம் வாங்கிட்டேன்."

"அப்படியா? நல்லா ஓடுதா?"

என் பஸ் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போகலாமா என்று படியில் நின்று கேட்டேன். தலையாட்டினார்.

20 அக்., வியாழன்

ஆபீஸ் ஸ்விட்ச்போர்டில் மூன்று போன் காலைத் தப்பான ஆளுக்குப் போட்டுவிட்டேன். சூப்பர்வைசர் திட்டு.

ரெஜினா படுக்கை விரித்துக்கொண்டே, "அவர்கிட்ட சொல்லிடுங்கக்கா." "என்னத்த?" "அன்னிக்கு ஏன் போகலன்னாவது."

23 அக்., ஞாயிறு

மேகம் இல்லை. தீபாவளி விளக்கெல்லாம் கட்டியாகிவிட்டது, சிராங்கூன் ரோட்டில் கூட்டம். முதல் தடவையாக அவருக்குப் பக்கத்திலேயே ஓட்டினேன். இவ்வளவு சீக்கிரம் வந்து சேர்வோம் என்று நினைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தூரம் இருந்திருக்கலாம்.

கோயிலுக்கு முன்னால் சிவப்பு விளக்கு. ஒரு கால் தரையில். அங்கேதான் சொன்னேன். சுங்கை ரோட்டுச் சக்கரம், மரை, மல்லாந்து கிடந்த சைக்கிள், எல்லாம். "வரக்கூடாதுன்னு இல்ல, சண்முகம். வர முடியல."

பேர் சொன்னதும் திரும்பிப் பார்த்தார். அப்புறம் ஹாண்டில் கம்பியைப் பார்த்தார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே பிலோமினா. ஸ்பேனர எடுத்துக்கிட்டு மேல வந்திருப்பேன்."

"இப்ப…"

"கையெழுத்துப் போட்டாச்சு. வியாழக்கிழமை ஃப்ளைட்."

பச்சை விழுந்தது. பின்னால் பஸ் ஹார்ன் அடித்தது. மிதித்தோம்.