குழி நாறவில்லை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானேதான், இந்த முறை டெய்லர் எழுதித் தரவில்லை. கோணல்மாணல் எழுத்தே சொல்லும். மூன்று நாளாக எழுதுகிறேன். முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது.

நான் வேலை பார்க்கும் பள்ளியின் தோட்டத்தில் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் உரக்குழி போட்டதைச் சொல்லியிருந்தேன் அல்லவா? முதல் மாதம் குடலைப் பிடுங்கும் நாற்றம். காரணம் நான்தான். சமைத்த மிச்சம் போடக்கூடாது என்று பலகையில் எழுதியிருந்ததாம். எனக்குப் பலகையும் மரமும் ஒன்றுதானே? மதியச் சாப்பாட்டில் மிஞ்சிய எண்ணெய்ச் சோற்றைக் கொட்டிக்கொண்டே இருந்தேன். கண்டுபிடித்தது ஒரு வாயாடிப் பெண். "போர்டு கண்ணு முன்னாடியே இருக்கே தாத்தா, படிக்க மாட்டீங்களா?" என்றாள். தெரியாது என்றேன். அவள் சிரிக்கவில்லை. பலகையைக் கழற்றி என் மடியில் வைத்தாள். அதுதான் என் பாடப்புத்தகம்.

சருகு போட்டுக் கிளறிக் கிளறி, இப்போது உள்ளே கறுகறுவென்று உதிரி மண். ஒரு பிடியில் பதினோரு மண்புழு. பிள்ளைகள் எண்ணினார்கள்.

வியாழக்கிழமை கிளார்க் ஒரு தாளும் மை டப்பாவுமாக வந்தார். "கட்டை விரலை வச்சுக் குடுங்க பெரியவரே, டீ ஆறிடும்" என்றார். படித்துவிட்டுத் தருகிறேன் என்றேன். டீ ஆறி ஆடை கட்டியது. குழி நாறுகிறது, மூடிவிடுங்கள் என்று நானே கேட்பதாக எழுதியிருந்தது. வண்டி நிறுத்த சிமெண்ட் போடப் போகிறார்களாம். அடியில் எழுதினேன்: "முதலில் நாறியது என் தப்பு. இப்போது குழி நாறவில்லை. மூடச் சொல்லி நான் கேட்கவில்லை." கையெழுத்தும் போட்டேன்.

"வேலை போயிடும், வேற தாள் கொண்டாறேன்" என்றார். "கொண்டாங்க, அதுலயும் இதேதான் எழுதுவேன்" என்றேன்.

திங்கட்கிழமை தலைமையாசிரியை குழியைப் பார்க்க வருகிறார். அவர் மூக்குக்கு நேராக நீட்ட வாயாடி ஒரு கிண்ணம் மண் எடுத்து வைத்திருக்கிறாள்.

குழியை மூடப் பேச்சு நடக்கிறது என்று முன்பு சொன்னதற்கு, 'வம்பு வேண்டாம்ப்பா, பேசாம இங்க வந்துடுங்க' என்று எழுதியிருந்தாய். நானே படித்தேன், நாலு தரம். உன்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தியபோதும் இப்படித்தான் ஒரு தாளை நீட்டினார்கள். என்ன எழுதியிருக்கிறது என்றுகூடக் கேட்காமல் விரலை உருட்டினேன். இனி உருட்ட மாட்டேனம்மா.

உறைக்குள் ஒரு சிட்டிகை மண் வைத்திருக்கிறேன். முகர்ந்து பார்த்து ஒரு வரி எழுது. பெரிய எழுத்தாக எழுது. நானே படிக்க வேண்டும்.

நன்றாயிரு, என் கண்ணே.

கையெழுத்துடன்,
அப்பா