மூன்று புட்டி மிளகாய்த்தூள்

கான்டன்,
18-8-1957

அன்புள்ள நாகம்மைக்கு,

இங்கு எல்லோரும் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

நேற்று பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். பேத்தி வள்ளி பள்ளியிலிருந்து ஓடிவந்து, "ஐயா, மூணாம் வகுப்புச் சீனப் புத்தகம் குடுத்துட்டாங்க!" என்றாள். மெர்டேக்கா சுதந்திர நாளுக்கு நம் ஊர் காஜா பெராங் வீட்டில் இருப்போம் என்றிருந்தேன். பிறகு அவளுக்கு இங்கே புதுப் புத்தகம் ஏன் என்று மகனைக் கேட்டேன்.

"இன்னும் ரெண்டு வருஷம் நாம ரெண்டு பேரும் இங்கதான் பாடம் நடத்துறோம் அப்பச்சி. ஆத்தாவுக்கு அப்பவே எழுதிட்டேனே."

போன மாதம் நீ மூன்று புட்டி மிளகாய்த்தூள் அனுப்பினாய். ஊர் திரும்புகிறவனுக்கு இவ்வளவு எதற்கு என்று யோசித்தேன். நான்தான் ஏதோ தவறாகப் புரிந்துகொண்டேன் என்று கேட்காமல் விட்டேன்.

இனி எனக்கும் எழுது. தபாலுக்கு நேரமாகிறது. கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்பு. என்னுடையதைப் பள்ளிக் காவல்காரருக்குக் கொடுத்துவிட்டேன், ஊருக்குப் போகிறேன் என்று சொல்லி.

அடைக்கப்பன்