வடக்கே தலை வைக்காத அப்பாவும் ஒரு மூச்சு மெஷினும்

போகும்போது என் தூக்கத்தையும் மடித்து எடுத்துக்கொண்டு போன என் செல்ல அம்மாவுக்கு,

முதலில் சண்டை, அப்புறம்தான் சுகம் விசாரிப்பு. கல்யாணமான நாளிலிருந்து அப்பாவைத் தூக்கத்தில் புரட்டிப் போட்டுக்கொண்டே இருந்தாயாமே? ஏன் என்னிடம் சொல்லவில்லை? மழைக்கு எந்தத் தகரம் ஒழுகும், எந்தக் கோழி அடுத்த வீட்டில் முட்டையிடும் என்பதெல்லாம் சொல்லிவிட்டுப் போனவள், இதை மட்டும் எப்படி விட்டாய்?

பக்கத்துக் காம்பரா மல்லிகா அக்கா சொல்லித்தான் எனக்கே தெரியும். வரிசையாகக் கட்டிய லயத்தில் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்தானே. நம் வீட்டுக் குறட்டை அவர்களுக்கும் பாதி சொந்தம்.

"ஒங்கம்மா இருந்தப்ப கொறட்ட ஏறும். சத்துன்னு ஒரு தட்டு விழும். 'அந்தப் பக்கம் திரும்புங்க'ம்பாங்க. அடங்கிரும். இப்ப ஏறுது, ஏறுது, பொசுக்குன்னு நின்னுருது. கொறட்ட கேட்டா நான் தூங்கிருவேன்டி. நின்னாதான் ஏந்திரிச்சு உக்காந்துக்கிறேன்."

நின்றால் நல்லதுதானே என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நின்றது குறட்டை மட்டுமில்லை, மூச்சும்தான் என்று யாருக்குத் தெரியும்?

அப்பா தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டுகிறவர் என்பது உனக்குத் தெரியும்; அங்கே மேலே உன் கூட இருந்து வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நீ போன பிறகு ஒரு நாள், நோர்வூட் பக்கம் இறங்குகிற ரோட்டில், பட்டப்பகலில் கண் செருகி, லொறியைத் தேயிலைக்குள் விட்டார். பின்னால் கொழுந்துச் சாக்கு மேல் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேட்டுப் பக்கம் போய் முட்டியதால் யாருக்கும் கீறல்கூட இல்லை. பள்ளத்துப் பக்கம் போயிருந்தால் இந்தக் கடிதத்தை நான் இரண்டு பேருக்குச் சேர்த்து எழுதியிருப்பேன். உறக்கத்துக்கும் இறக்கத்துக்கும் ஒரு வளைவுதான் தூரம்.

கண்டியில் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனோம். உடம்பெல்லாம் வயர் ஒட்டித் தூங்க வைத்துப் பார்த்தார்கள். தூங்கும்போது தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருகிறதாம். மல்லாந்து படுத்தால் இன்னும் மோசமாம். அதனால் ராத்திரி முழுக்கத் தூங்கியும் தூங்காத மனுசனாகத்தான் லொறியில் ஏறியிருக்கிறார். மருந்து கிடையாது. மூக்கில் மாஸ்க் மாட்டி, ஒரு மெஷின் குழாய் வழியாகக் காற்றை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். எவ்வளவு நேரம் போட்டுத் தூங்கினார் என்பது மெஷினுக்குள் இருக்கிற சின்ன அட்டையில் பதிவாகும். அதைப் பார்த்துக் கிளினிக்கில் சரி என்று சொன்னால்தான் தோட்டத்துத் தொரை லொறிச் சாவியைக் கொடுப்பார். அதுவரை அப்பா தேயிலை ஸ்டோரில் சாக்கு அடுக்குகிறார். வண்டி ஓட்டாத உன் புருஷனை நீ பார்த்ததில்லையே. கால் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. சோறு சாப்பிடும்போதுகூடத் தரையில் பிரேக் மிதிக்கிறார்.

கொழும்பு மாமா மெஷினை வாங்கி அனுப்பினார். இரவெல்லாம் உஸ் உஸ் என்று குறை சொல்வதால் அதற்கு 'மாமியார்' என்று பெயர் வைத்தேன். அப்பா சிரிக்கவில்லை. அவருடைய அம்மா ஞாபகம் வந்திருக்கும்.

மாமியார் வந்த அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போச்சு. முதல் நாள் மாஸ்க் நிற்கவே இல்லை, வழுக்கிக்கொண்டு காதுக்குப் போனது. என்னவென்று பார்த்தால், படுக்கப் போகும்முன் மூக்கு, நெற்றி, மீசை எல்லாவற்றிலும் தைலம். "குளிருதும்மா, தைலம் பூசாம எப்பிடி?" என்கிறார். மாஸ்க்குக்குள் காற்று அடித்ததும் தைலம் கண்ணில் ஏறி, அழுதுகொண்டே தூங்கினார். பிறகு தினமும் சோப்புப் போட்டு முகம் கழுவ வைத்தேன். யார் யாருக்கு அப்பா என்றே தெரியவில்லை.

அடுத்தது தண்ணீர். மூக்கு காயாமல் இருக்க மெஷினில் ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு. அது காற்றைச் சூடாக்கி அனுப்பும். நம் ஊர்க் குளிரில் அந்தச் சூடு குழாய்க்குள்ளேயே வியர்த்துச் சொட்டத் தொடங்கிவிட்டது. அப்பா எழுந்து உட்கார்ந்து, "இது மூச்சு மெசினா, நாம குளிக்கிற பீலியா? மூக்குக்குள்ள ஊத்துது" என்று மாஸ்க்கைக் கழற்றி எறிந்தார். மல்லிகா அக்கா மகனின் பழைய ஃபுட்போல் சொக்ஸை வாங்கி, நுனியை வெட்டி, குழாய்க்கு மாட்டிவிட்டேன். சொட்டுவது நின்றது. "செத்த பாம்புக்குக் கம்பளி போட்ட மாதிரி இருக்கு" என்றார். நன்றி என்பதை அப்பா இப்படித்தான் சொல்வார் என்று நீதானே சொல்லியிருக்கிறாய்.

இனிமேல்தான் கூத்து. நம் காம்பராவில் ஒரே ஒரு பிளக், அதுவும் வடக்குச் சுவரில். அப்பா தலை வைப்பது தெற்கே. ஆகவே மெஷின் கால்மாட்டில் உட்கார்ந்து, குழாய் உடம்பு முழுக்க ஊர்ந்து மூக்குக்கு வர வேண்டும். ஒருக்களித்தால் குழாய் இழுக்கும், மாஸ்க் விலகும், காற்று கண்ணில் அடிக்கும். அதனால் மல்லாக்கவே கிடக்கிறார்.

"தலைய இந்தப் பக்கம் வச்சுப் படுங்கப்பா, அவ்வளவுதான்."

"வடக்க தல வச்சா ஆயுசு கொறையும்."

"மூச்சு நின்னா கூடுமா?"

"வாய் நீளுது ஒனக்கு."

வாய் நீண்டு என்ன பயன், குழாய் நீளவில்லையே. அவர் பீலிக்குக் குளிக்கப் போன நேரம் பார்த்துக் கட்டிலையே திருப்பிப் போட்டேன். தலையணை, கம்பளி எல்லாம் இடம் மாற்றி, ஒன்றும் தெரியாத மாதிரி புத்தகம் விரித்து உட்கார்ந்தேன். வந்தார். சாமி படத்தைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். தலையணையைத் தூக்கிக் கால்மாட்டில் போட்டுப் படுத்துக்கொண்டார். நான் கட்டிலைத் திருப்பினேன், அவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

விடுவேனா? மல்லாந்து படுத்தால் குத்தட்டும் என்று பனியன் முதுகில் ஒரு டென்னிஸ் பந்தை வைத்துத் தைத்தேன். காலையில் அதே பனியனோடு, மேலே சட்டை மாட்டி, ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டுக் களத்துக்குப் போய்விட்டார். அங்கே தொரையிலிருந்து எல்லாரும் அவருடைய கூனைப் பார்த்து விசாரித்திருக்கிறார்கள். சாயந்திரம் பந்து மட்டும் என் தலைக்குத் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு அவர் கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை, அம்மா. பிளேன்டீ குடித்துக்கொண்டே, சாதாரணமாக, "நீ மாட்டிக்கிட்டுத் தூங்கேன். அட்டையில ஏறுறது யாரு மூச்சுன்னு அதுக்குத் தெரியவா போகுது" என்றார்.

ஊரையே ஏமாற்றுகிறவள் நான். என்னிடமே இதைக் கேட்கிறாரே என்று ஒரு நொடி பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம் அந்தக் கொழுந்துச் சாக்கு மேல் இருந்த இரண்டு பேர் ஞாபகம் வந்தார்கள்.

"மெசினை நான் ஏமாத்திருவேன்ப்பா. வளைவை யாரு ஏமாத்துறது?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். நான்தான் பேசினேன், நிறைய. ஏன் கழற்றி எறிகிறீர்கள், ஏன் ஒரு பக்கமாகப் படுக்க மாட்டேன் என்கிறீர்கள், அம்மா சொன்னால் மட்டும் திரும்புவீர்களோ என்று கத்திவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் மல்லிகா அக்கா வீட்டு ரேடியோ நின்றது.

"இந்தப் பக்கம் திரும்புனா கொழாய் இழுக்குது," என்றார். "அந்தப் பக்கம் திரும்புனா வெறும் மெத்தையாக் கெடக்கு. அதப் பாத்துக்கிட்டு எப்பிடிம்மா கண்ண மூடுறது?"

நீ படுத்த இடம், அம்மா. கம்பளி, தைலம், சொக்ஸ், வடக்கு, தெற்கு என்று எல்லாம் சரி பார்த்தேனே, இதை நான் ஏன் பார்க்கவில்லை?

மறுநாள் கொட்டகலை பஜாரில், கடைக்கார நானாவிடம் ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கினேன். "எவ்வளவு நீளம் வேணும் மகள்?" என்று கேட்டார். "வடக்கேருந்து தெக்க வரைக்கும் நானா" என்றேன். ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு வெட்டி, பிளக் பொருத்திக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, மெஷினை உன் இடத்தில் வைத்தேன். நடுவில் பலகை போட்டு, ஆடாமல்.

"அது ஒங்கம்மா எடம்."

"அம்மா பாத்த வேலையைத்தான அதுவும் பாக்குது. ரெண்டு நாளைக்கு இருக்கட்டும்ப்பா."

முறைத்தார். முகம் கழுவினார். தெற்கே தலை வைத்து, மாஸ்க்கை மாட்டி, உன் பக்கம் திரும்பிப் படுத்தார். குழாய் இழுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மல்லிகா அக்கா கையில் அகப்பையோடு ஓடி வந்தார்கள். "என்னடி, கொறட்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல?" என்றார்கள். நான் அப்பாவின் முதுகைக் காட்டினேன். ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, ஒரே சீராக. அக்கா அகப்பையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். சோறு அடிப்பிடித்த வாசம் வரும் வரை எழுந்திருக்கவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. நேற்றுகூடப் பாதியில் கழற்றியிருக்கிறார். கேட்டால் "மூக்கு அரிச்சுச்சு" என்கிறார். அட்டையில் இன்னும் அரையும் குறையுமாகத்தான் ஏறியிருக்கும். அடுத்த வாரம் கிளினிக். நர்ஸ் மிஸ்ஸி என்ன சொல்வார்களோ, தெரியாது. எனக்குப் பொறுமையும் இல்லை, தூக்கமும் இல்லை.

ஆனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அந்த மாஸ்க்கை அவருக்காக நான் ஒரு நாளும் மாட்ட மாட்டேன். மெஷின் இல்லாமல் தூங்கிவிட்டு லொறிச் சாவியைத் தொட்டாரென்றால், தொரையிடம் நானே போய்ச் சொல்லிவிடுவேன். திட்டுவார். என்னோடு பேசாமல்கூட இருப்பார். திட்டட்டும், அம்மா. திட்டுவதற்கும் மூச்சு வேண்டுமே.

உன் புருஷனைப் புரட்டும் வேலைக்கு உனக்குப் பிறகு வந்து சேர்ந்த,
உன் ஒரே மகள்